ஓவர்ஹாலுக்குப் பிறகு இழுவை குறைந்த பழைய டீசல் லாரி: அறிகுறிகளின் வழியே பழுதைக் கண்டறிதல்

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் அனைத்தும் புதிதாகப் போட்டு, ஹெட்டில் வால்வு வேலையும் முடித்து வண்டியில் திரும்பப் பூட்டிய இன்ஜின், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங்கில் சீராக ஓடுகிறது. காலி வண்டியில் குறை எதுவும் தெரிவதில்லை. சுமை ஏற்றி மேட்டுக்குப் போனால் மட்டும், முன்பு நான்காம் கியரில் ஏறிய இடத்தில் மூன்றுக்கும் இரண்டுக்கும் இறங்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு செலவும் உழைப்பும் செய்த பிறகு, பழைய தேய்ந்த இன்ஜினே மேல் என்று வண்டிக்காரர் சொல்லும் நிலை வந்தால் மெக்கானிக்குக்கும் மனம் கனத்துப்போகும். அந்த வேதனையில் எடுக்கப்படும் முதல் முடிவு பெரும்பாலும் தவறானது: "ஹெட்டைத் திரும்ப இறக்கிப் பார்த்துவிடலாம்" என்பதுதான் அது.

ஓவர்ஹாலுக்குப் பிறகு வரும் இழுவைக் குறைவில், புதிதாகப் போட்ட உதிரிப்பாகம் கெட்டிருப்பதைவிட, கழற்றித் திரும்பப் பூட்டிய ஏதோ ஒன்று தவறாகப் பூட்டப்பட்டிருப்பதே மிக அதிகம். ஆகவே இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று கற்பனை செய்வதற்கு முன், கைபட்ட இடங்களை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகச் சோதிப்பதும், எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுத்து உறுதி செய்வதுமே சரியான வழி. இங்கே சொல்லப்படுபவை, டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் மெக்கானிக்கல் பம்ப் பொருத்திய பழைய டீசல் லாரிகளுக்கு உரியவை. கணினி கட்டுப்பாட்டில் மிக உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் வண்டிகளுக்கு இந்த முறைகளில் சில பொருந்தா, சில ஆபத்தானவை.

இழுவை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

புதிய ரிங்குகள் லைனரோடு படிந்து அமர்வதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவை. அதுவரை உராய்வு கூடுதலாக இருக்கும். இழுவை சற்றுக் குறைவாகவே தெரியும். முதல் 500 முதல் 1,500 கிலோமீட்டருக்குள் படிப்படியாக இழுவை கூடிக்கொண்டே வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஓட்டிப் பழக்குகிறோம் என்று மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விட்டுவைப்பது தீங்கு: சுமையில்லாத ஓட்டத்தில் ரிங்கை லைனரோடு அழுத்தும் வாயு அழுத்தம் போதாமல், லைனரின் ஹோனிங் கோடுகளின் (உள்சுவரில் இடப்படும் நுண்கீறல்கள்) மேல் எண்ணெய் கருகிக் கண்ணாடிபோல் படர்ந்துவிடும். அப்படிப் படர்ந்த லைனரில் ரிங் பிறகு ஒருபோதும் சரியாக அமராது. மிதமான சுமையோடு, கியரை மாற்றி மாற்றி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவதே புதிய இன்ஜினைப் பழக்கும் முறை.

அடுத்து, குறை இன்ஜினில்தானா என்பதைப் பார்க்க வேண்டும். இன்ஜின் இறங்கியபோது கிளட்சும் கழற்றப்பட்டிருக்கும். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சுற்று ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் நழுவல். பல வாரங்கள் நின்றிருந்த வண்டியில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதும் சாதாரணம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசிச் சிறிது தூரத்தைப் பிரேக் போடாமல் உருட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கர ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோனால் தெரிந்துவிடும். ஒரு ஹப் மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் இன்ஜினைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்பானர் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்த, மற்றொருவர் பம்பின் அருகே நின்று லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் அதன் அதிகபட்ச வேக நிறுத்தத் திருகைத் தொட வேண்டும். கேபிளோ ராடோ ஒரு துளை மாற்றிப் பூட்டப்பட்டிருந்தால், லீவர் நிறுத்தத்துக்கு ஒரு விரல் அகலம் முன்பே நின்றுவிடும். அதே நேரத்தில் ஸ்டாப் லீவரையும் பாருங்கள். இன்ஜினை அணைக்கும் கேபிள் இறுக்கமாகப் பூட்டப்பட்டு, லீவர் முழுமையாக ஓடும் நிலைக்குத் திரும்பாமல் இருந்தால், பம்பின் ரேக் (டீசல் அளவை மாற்றும் தண்டு) பாதி இழுத்துப் பிடிக்கப்பட்டதுபோல் இருக்கும். ஐடிலிங் நன்றாகவும் சுமையில் இழுவை இல்லாமலும் போகும். கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் முழுதும் தள்ளிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும்.

பிறகு சுமையில்லாமல் அதிகபட்சச் சுற்று எவ்வளவு வருகிறது என்று டேக்கோமீட்டரால் அளந்து, வண்டிக்கான கையேட்டோடு ஒப்பிடுங்கள். இந்த ஒரே அளவு, தேடலை இரண்டாகப் பிரித்துவிடும். சுமையில்லாமலேயே சுற்று குறைவாக இருந்தால் லீவர், கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) நிறுத்தம், கடுமையான அடைப்பு ஆகியவற்றில் தேட வேண்டும். சுமையில்லாமல் முழுச் சுற்று வந்து, சுமையில் மட்டும் விழுந்தால், டீசலோ காற்றோ கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) போதவில்லை என்று பொருள். அப்போது சைலன்சர் முனையில் வரும் புகைதான் வழிகாட்டி.

புகைவழியை மூடி வண்டியை மெதுவாக்கும் எக்சாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில், அதன் பட்டாம்பூச்சித் தகடு முழுதும் திறக்கிறதா என்பதையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. நீண்ட நாள் நின்ற வண்டியில் அதன் அச்சு துருப்பிடித்துப் பாதி மூடிய நிலையில் நின்றுவிடும்.

முழு ஆக்சிலரேட்டரிலும் புகையே இல்லை, இழுவையும் இல்லை

சுமையோடு மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தும் பழைய டீசல் இன்ஜின் சிறிதும் புகைக்கவில்லை என்றால், சிலிண்டருக்குள் போதிய டீசல் போகவில்லை. இங்கே ஹெட்டையோ ரிங்கையோ சந்தேகிக்கத் தேவையே இல்லை.

எளிதான சோதனை, டேங்கையும் பைப்பையும் முற்றிலுமாக விலக்கிவிடுவது. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பம்பைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து தனி ஹோஸ் வழியாக, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பிவிட்டால் பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கிறது: டேங்கின் உறிஞ்சுகுழாய் வலை, நசுங்கிய பைப், அல்லது டீசல் கசியாமல் காற்றை மட்டும் உள்ளிழுக்கும் தளர்ந்த இணைப்பு. உறிஞ்சும் பக்கத்தில் உள்ள கசிவு வெளியே ஈரமாகத் தெரியாது. ஒளிபுகும் ஹோஸ் ஒரு முழத்தை இடையில் பூட்டினால் காற்றுக் குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கேனிலிருந்து கொடுத்தும் மாற்றமில்லை என்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் பிரஷர் கேஜ் பூட்டிப் பாருங்கள். பெரும்பாலான வரிசை பம்புகளில் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர் எனும் அழுத்துதண்டுகள் வரிசையாக நிற்பவை) இன்ஜின் வேகமாக ஓடும்போது 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். இந்த இடத்தில் ஓவர்ஹால் செய்த இன்ஜின்களுக்கே உரிய ஒரு பழுது உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். டீசல் உள்ளே வரும் பைப்பைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்டும், மிச்சம் டேங்குக்குத் திரும்பும் பைப்பைப் பிடிக்கும் போல்ட்டும் வெளியிலிருந்து பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கும். பல பம்புகளில் திரும்பும் பக்கத்துப் போல்ட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் வால்வும் இருக்கும்; பம்புக்குள் அழுத்தத்தை நிறுத்தி வைப்பதே அதன் வேலை. இரண்டும் இடம் மாறிவிட்டால், உள்ளே வரும் வழி வால்வால் அடைபட்டு, வெளியேறும் வழி திறந்து கிடக்கும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும் அளவுக்கு மட்டும் டீசல் கசிந்து போகும். போல்ட்டைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்: வெறும் போல்ட்டில் காற்று தடையின்றிப் போகும், வால்வு உள்ளதில் போகாது.

டர்போ (எக்சாஸ்ட் வாயுவால் சுழன்று காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள வண்டியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் கவர்னர் தலைக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். டர்போவின் அழுத்தம் அதன் வழியே போய் உள்ளே இருக்கும் டயாஃபிரத்தை அழுத்தினால்தான் பம்ப் முழு அளவு டீசலைத் தரும். அந்தக் குழாயைப் பூட்ட மறந்திருந்தாலோ, அது வெடித்திருந்தாலோ, டர்போ நன்றாக வேலை செய்தாலும் பம்புக்கு அந்தச் செய்தி போகாது. புகையற்ற, இழுவையற்ற வண்டிதான் கிடைக்கும்.

கரும்புகையோடு இழுவைக் குறைவு

டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியான வடிவில் தெளிக்கப்படவில்லை என்பதே கரும்புகையின் பொருள். காற்றுப் பாதையில் தொடங்குங்கள்: ஏர் ஃபில்டர், அதிலிருந்து வரும் ரப்பர் வளைவு உறிஞ்சலில் உள்ளுக்குள் மடிகிறதா, டர்போவிலிருந்து மேனிஃபோல்டுவரை உள்ள கிளாம்புகள். வேலை நடந்தபோது தூசி விழாமல் இருக்க இன்டேக் குழாயில் செருகிய துணியை எடுக்க மறந்த வண்டிகளும் உண்டு. டர்போவுக்கு முன்னால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இணைப்பில் கரிக்கோடு படிந்திருந்தால், டர்போவைச் சுழற்ற வேண்டிய வாயு அங்கேயே வீணாகிறது.

காற்றுப் பாதை சரியாக இருந்தால், டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு வர வேண்டும். ஒரு வண்டியில் நான் இரண்டு நாள் அலைந்த பிறகு கற்றுக்கொண்டது இது. ஆறு சிலிண்டர் இன்ஜின். கம்ப்ரஷன் சரி, டைமிங் (டீசல் தெளிக்கப்படும் தருணம்) சரி, நாசில்களையும் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தாயிற்று, அனைத்தும் ஒழுங்காகத் தெளித்தன. ஆயினும் சுமையில் கரும்புகை, ஐடிலிங்கில் லேசான நடுக்கம். இறுதியில் ஒவ்வொரு நாசில் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் அடியில் கரி பூசிய பழைய செம்பு வாஷர் குழியோடு ஒட்டியிருந்தது. கரியும் செம்பும் ஒரே நிறமாகிவிட்டதால் அது குழியின் அடித்தளம் போலவே தெரிந்தது. வளைத்த கம்பியின் நுனியால் சுரண்டியபோதுதான் அதன் விளிம்பு மின்னியது. அதன் மேலேயே புதிய வாஷரைப் போட்டு நாசிலை இறுக்கியிருந்தார்கள். ஒரு வாஷரின் கனத்துக்கு நாசில் நுனி மேலே ஏறிவிட்டதால், பிஸ்டனின் குழிக்குள் விழ வேண்டிய தெளிப்பு அதன் விளிம்பிலும் ஹெட்டின் அடிப்பரப்பிலும் பட்டுக் கருகிக்கொண்டிருந்தது. இரண்டு வாஷர்களையும் எடுத்த அன்று மாலையே அந்த வண்டி சுமையோடு போனது. அதிலிருந்து, நாசிலைக் கழற்றும்போதெல்லாம் அதனோடு வெளியே வந்த வாஷர்களை எண்ணாமல் நான் புதியதைப் போடுவதில்லை.

வாஷரின் கனமும் நாசிலின் பாக எண்ணும் மாறக்கூடாது. புதிதாக வாங்கிய நாசில் குழியில் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது அந்த இன்ஜினுக்கு உரியது ஆகிவிடாது. துளைகளின் எண்ணிக்கையும் தெளிப்புக் கோணமும் வேறாக இருக்கலாம். நாசில் திறக்கும் அழுத்தம், டைரக்ட் இன்ஜெக்ஷன் (டீசலை நேராகப் பிஸ்டன் குழிக்குள் தெளிக்கும்) பழைய இன்ஜின்களில் பெரும்பாலும் 175 முதல் 250 பார் வரை இருக்கும். சரியான அளவைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் முறையே தளர்த்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் மாறி நடுக்கம் வரும். வேலை செய்யாத சிலிண்டரைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இராது. நட்டின் மேல் துணியைச் சுற்றி, கையையும் முகத்தையும் விலக்கியே இதைச் செய்ய வேண்டும். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிமுனை அளவுதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

வெண்புகை, மந்தமான சத்தம்: டைமிங்

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சிறிது வெண்புகை வருவது இயல்பு. இன்ஜின் சூடேறிய பிறகும் கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. கண் எரியாமல், இனிப்பு வாசனையோடு நீராவிபோல் வந்தால் அது ரேடியேட்டர் நீர். அது ஹெட் கேஸ்கெட்டின் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வைக்கும் தகடு) விவகாரம். எரியாத டீசலுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: டைமிங் தாமதம், அல்லது கம்ப்ரஷன் குறைவு. தாமதமான டைமிங்கில் இன்ஜின் சத்தம் மெத்தென்று இருக்கும், சுமையில் எக்சாஸ்ட் மிகையாகச் சூடேறும், ஸ்டார்ட் ஆகச் சுணங்கும். டைமிங் முந்தியிருந்தால் மாறாகச் சுத்தியால் தட்டுவதுபோன்ற கடுமையான நாக்கிங் கேட்கும்.

வரிசை பம்பில் டைமிங் பார்க்கும்போது, பம்பில் முதல் சிலிண்டருக்கு உரிய டெலிவரி வால்வையும் (டீசல் வெளியேறும் வால்வு) ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாயைப் பூட்டி, லீவரை முழு டீசல் நிலையில் வைத்து, கையால் ஃபீட் பம்பை அடித்துக்கொண்டே இன்ஜினை அதன் சுழற்சித் திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். ஒழுகிக்கொண்டிருந்த டீசல் கம்பிபோல் மெலிந்து, பிறகு சொட்டாகி, ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பதினைந்து நொடி இடைவெளி வரும் கணத்தில் நிறுத்தி, ஃப்ளைவீல் குறியைப் பார்க்க வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் சற்றே பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. பல்சக்கரங்களின் இடைத்தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும். கால் சுற்றுப் பின்னால் கொண்டுபோய் மீண்டும் முன்னோக்கியே வர வேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில்தான் இருக்கிறதா என்பதற்கு, ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஆறாவது சிலிண்டரின் வால்வுகளைப் பாருங்கள்: ஒன்று மூடி முடிக்க மற்றொன்று திறக்கத் தொடங்கி, வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் ஊஞ்சல்போல் ஆடும் இடமே அது.

குறி சரியாக இருக்கிறது என்பதாலேயே டைமிங் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஃப்ளைவீலைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு துளை மாறியிருந்தாலோ, கிராங்க்கின் முன்புறத் தட்டின் (அதிர்வைத் தாங்கும் டாம்பர்) ரப்பர் நழுவி வெளிவளையம் நகர்ந்திருந்தாலோ, குறி பொய் சொல்லும். ஆகவே முதல் பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் இருக்கும் இடத்தை டயல் கேஜால் கண்டுபிடித்து, குறியை அதோடு ஒப்பிட்டுக்கொள்வதைத் தவிர்க்க முடியாது. டைமிங் கியரில் ஒரே ஒரு பல் தவறினால் எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: கிராங்க் பல்சக்கரத்தில் 30 பற்கள் இருந்தால், ஒரு பல் என்பது கிராங்க்கில் 12 டிகிரி. பம்பின் நீள்துளைப் போல்ட்டுகளைத் தளர்த்திப் பம்பைத் திருப்புவதால் அந்தத் தவறு முழுமையாகச் சரியாகாது. பம்பைக் கடைசி எல்லைவரை திருப்பியும் குறி எட்டவில்லை என்றால், கியர் தவறாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

கம்ப்ரஷன்: எண்ணைவிட வேறுபாடு முக்கியம்

பேட்டரி முழுச் சார்ஜில், டீசல் நிறுத்தப்பட்டு, இன்ஜின் மிதமான சூட்டில், டீசலுக்கு உரிய கேஜால் அளந்தால் நல்ல இன்ஜினில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை வரும். அந்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் அதிகம் பேசும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் ஒரே அளவு குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே கேஸ்கெட் பழுதாகிக் கசிகிறது. தனியாக ஒன்று குறைந்தால் வால்வோ ரிங்கோ. டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே விடும் இடம்) மறுபடி அளந்த பிறகே வேறு முடிவுக்கு வர வேண்டும், ஏனெனில் இறுக்கமாக வைத்த டேப்பட் இன்ஜின் சூடானதும் வால்வை முழுதாக மூட விடாது.

ஆறும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் ஆறு ரிங் செட்டும் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று எண்ணாதீர்கள். அனைத்துக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு பல் தாமதமாகப் பூட்டப்பட்டிருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். அமுக்க வேண்டிய காற்றில் ஒரு பகுதி திரும்பி வெளியே போகும். ஹெட் கேஸ்கெட் பல கனங்களில் வரும் இன்ஜின்களில், பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளக்காமல் கனமான கேஸ்கெட்டைப் போட்டிருந்தாலும் கம்ப்ரஷன் சமமாகக் குறையும்.

குறைந்த சிலிண்டரைத் திறப்பதற்கு முன், பிஸ்டனை உச்சியில், இரு வால்வும் மூடிய நிலையில் வைத்து, வண்டியைக் கியரில் போட்டு, நாசில் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்துங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இரைந்தால் இன்டேக் வால்வு, சைலன்சரில் இரைந்தால் எக்சாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழ்ந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல், ஆயில் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங். ஹெட்டை இறக்க வேண்டும் என்ற முடிவு இந்தச் சோதனைக்குப் பிறகு வந்தால் அது நியாயமான முடிவு.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுவை போனால்

நிறுத்தி, டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. சிறிது நேரம் நிறுத்திவைத்தால் தானாகச் சரியாகி, மறுபடியும் போனால், டேங்குக்குள் மிதக்கும் அழுக்கு உறிஞ்சுகுழாயில் ஒட்டுவதும் விலகுவதுமாக இருக்கலாம். இன்ஜின் சூடானால் மட்டும் இழுவை போய், ஆறினால் திரும்பினால், பம்பின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். சூடான டீசல் நீர்த்து, தேய்ந்த பிளஞ்சரின் இடுக்கு வழியே கசிந்துவிடும். ஒரே சுழல்தலையால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்புகளில் இது அதிகம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆற்றிப் பார்த்து உறுதி செய்யலாம். குளிர்ந்த நீரை நேராக ஊற்றினால் பம்ப் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

பம்பைக் கழற்றி அனுப்பும்போது

மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்து, இழுவை மட்டும் இன்னும் குறைவு என்றால்தான் பம்ப் சோதனை மேடைக்குப் போக வேண்டும். அதற்கு முன் முழுச்சுமைத் திருகின் முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டிவிடும் ஆசை எழும். கூட்டினால் சிறிது இழுவையும் தெரியும். ஆனால் மூலப் பழுது மறைந்து, எக்சாஸ்ட் வெப்பம் ஏறி, புதிய பிஸ்டனின் தலைதான் அதற்கு விலை கொடுக்கும். பம்பை அனுப்பும்போது வெறும் பம்பாக அனுப்பாமல், இன்ஜின் மாதிரி, டர்போ உண்டா இல்லையா, பம்பின் தகட்டில் உள்ள எண், நாசில் எண், நீங்கள் அளந்த கம்ப்ரஷன், சுமையில்லாத அதிகபட்சச் சுற்று, எந்த அறிகுறி எப்போது வருகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பம்போடு கட்டி அனுப்புங்கள். ஆறு நாசில்களையும் சிலிண்டர் எண் குறித்துச் சேர்த்தே அனுப்புங்கள். பம்ப் திரும்பி வந்ததும் அதே சுமையோடு, அதே மேட்டில், அதே கியரில் ஏற்றி, உச்சியில் சுற்று எவ்வளவு நின்றது என்று முந்தைய குறிப்புக்கு அருகில் எழுதிக்கொள்ளுங்கள். கையேடு கேட்கும் இன்ஜின்களில் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகு டேப்பட்டுகளையும் புதிதாக வைத்துவிட்டு, அந்த மேட்டில் இன்னொரு முறை ஏற்றிப் பாருங்கள்.